ஒரு மூடி கூட: டூ-டி ஆயிலும் தில்லியின் நீலப் புகையும்

இந்தப் பிப்ரவரியில் குடும்பத்தோடு குல்மார்க் போயிருந்தோம். தில்லிக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் காஷ்மீர் பார்க்காதவன் நானாகத்தான் இருக்கும். (விருதுநகர்க்காரனுக்குக் குளிர் என்றாலே கொஞ்சம் அலர்ஜி. தில்லி டிசம்பரே எனக்கு அதிகம்.) பனியில் ஸ்னோமொபைல் சவாரிக்கு ஆள் கூப்பிட்டார்கள். பேரம் பேசி முடித்தோம். ஓட்டுபவர் கயிற்றை இழுத்தார். வண்டி இரண்டு முறை இருமிவிட்டுக் கிளம்பியது. பின்னால் ஒரு கொத்து நீலப் புகை.

"ஐயோ, நம்ம சேத்தக் வாசனை!" என்றாள் என் மனைவி.

முப்பது வயதை நெருங்கும் என் மகளோ மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னப்பா இது, இப்படி நாறுது?" என்றாள். இந்த வாசனையில்தான் அவள் முதல் நான்கு வருஷம் வளர்ந்தாள். அவளுக்கு அது சுத்தமாக நினைவில்லை. ஒரு நகரத்தின் அன்றாட வாசனை ஒரே தலைமுறைக்குள் இப்படிக் காணாமல் போயிருக்கிறதே என்று எனக்கு ஆச்சரியம்.

சவாரி முடிந்ததும் ஓட்டுநரிடம் பேச்சுக் கொடுத்தேன். இருக்கைக்குக் கீழே ஒரு சின்ன டப்பாவில் தனியாக எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். "பைக்குக்குப் போடும் டூ-டி ஆயில்தானே?" என்றேன். "இல்லை சாப். அதை ஊற்றினால் காலையில் தயிர் மாதிரி உறைந்து நிற்கும், பம்ப் இழுக்காது. இதற்கென்று தனி எண்ணெய் இருக்கிறது" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "சில பையன்கள் சொன்னால் கேட்க மாட்டார்கள். எண்ணெய் கூட இருந்தால் எஞ்சினுக்கு நல்லது என்று பெட்ரோல் டேங்கிலும் கொஞ்சம் ஊற்றுவார்கள்" என்றார்.

அந்தக் கடைசி வரி எனக்குச் சுரீர் என்றது. எங்கள் அப்பா சொன்ன அதே வார்த்தை. நானும் அதைத்தான் செய்தேன். இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

அப்பாவின் இன்லேண்டு லெட்டர்

அப்பா பள்ளிக்கூட வாத்தியார். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு டி.வி.எஸ். 50 வாங்கினார். ஓசூரில் தயாராகி 1980-ல் சந்தைக்கு வந்த வண்டி. நம் ஊரில் சைக்கிளுக்கும் ஸ்கூட்டருக்கும் நடுவே இருந்த பெரிய பள்ளத்தை மூடியது அதுதான். வாத்தியார், பால்காரர், காய்கறிக்காரர் எல்லோரையும் பெட்ரோல் பங்க் பக்கம் கூட்டிவந்ததும் அதுதான். பங்கில் ஒரு லிட்டர் பெட்ரோலும், அதோடு அளந்து டூ-டி ஆயிலும் ஊற்றுவார்கள். அப்பாவுக்கு அந்த அளவில் நம்பிக்கை கிடையாது. சீட்டுக்கு அடியில் சொந்தமாக ஒரு பாட்டில் வைத்திருப்பார். "ஒரு மூடி கூட" என்று சொல்லிக்கொண்டே அதிலிருந்தும் ஊற்றுவார். ஊற்றிவிட்டு வண்டியை இரண்டு பக்கமும் ஆட்டுவார். (தலைவலி மருந்தை ஆட்டுகிற மாதிரியே இருக்கும்.)

நான் தில்லியில் வேலைக்குச் சேர்ந்து, 1995-ல் செகண்ட் ஹேண்டில் ஒரு பஜாஜ் சேத்தக் வாங்கினேன். தகவல் சொல்லி எழுதினேன். பதிலுக்கு அப்பாவிடமிருந்து ஓர் இன்லேண்டு லெட்டர். வண்டி வாங்கியதில் சந்தோஷம், மெதுவாகப் போ, ஹெல்மெட் போடு என்றெல்லாம் எழுதிவிட்டு, மடிக்கிற ஓரத்தில் நுணுக்கி ஒரு வரி: எண்ணெய் விஷயத்தில் கஞ்சத்தனம் பண்ணாதே, ஒரு மூடி கூடவே ஊற்று.

பாசமான அறிவுரை. ஆனால் தப்பான அறிவுரை. ஏன் தப்பு என்று புரிய கொஞ்சம் எஞ்சின் உள்ளே போக வேண்டும். பயப்படாதீங்க, ரொம்ப தூரம் இல்லை.

திரும்பி வராத எண்ணெய்

இன்றைய ஃபோர் ஸ்ட்ரோக் பைக்கில் எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்கி நிற்கும். பம்ப் அதை மேலே ஏற்றும், அது வேலையை முடித்துவிட்டுத் திரும்பவும் அடியில் வந்து சேரும். சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

டூ ஸ்ட்ரோக்கில் அந்த வசதி இல்லை. டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு முதல் காப்புரிமைகளில் ஒன்றை 1881-ல் வாங்கியவர் ஸ்காட்லாந்துக்காரர் டூகால்ட் கிளர்க். அவருடைய எஞ்சினில் காற்றைத் தள்ள ஒரு தனி சிலிண்டர் இருந்தது. பத்து வருஷம் கழித்து, இங்கிலாந்தின் பாத் நகரத்து ஜோசப் டே ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார். பிஸ்டனுக்குக் கீழே இருக்கிற கிராங்க் கேஸையே பம்பாகப் பயன்படுத்தினார். பெட்ரோலும் காற்றும் முதலில் கிராங்க் கேஸுக்குள் போய், பிஸ்டன் இறங்கும்போது அழுத்தப்பட்டு, பக்கவாட்டு வழியாக மேலே போகும். வால்வு வேண்டாம், கேம் வேண்டாம். நகரும் பாகங்கள் மிகக் குறைவு. விலை மலிவு, எடை குறைவு, எந்த மெக்கானிக்கும் அரை மணி நேரத்தில் பிரித்து மாட்டிவிடலாம்.

ஆனால் கிராங்க் கேஸ் வழியாக எரிபொருள் போவதால் அங்கே எண்ணெயைத் தேக்கி வைக்க முடியாது. அதனால் எண்ணெயைப் பெட்ரோலோடு கலந்தே அனுப்ப வேண்டும். போகிற வழியில் பேரிங், பிஸ்டன், சிலிண்டர் சுவர் எல்லாவற்றையும் அது நனைத்துவிட்டு, கடைசியில் பாதி எரிந்தும் பாதி எரியாமலும் சைலன்சர் வழியாக வெளியே போய்விடும். திரும்பி வராது. டூ ஸ்ட்ரோக்கில் நாம் ஊற்றுகிற ஒவ்வொரு சொட்டு எண்ணெயும் ஒருநாள் யாரோ ஒருவர் சுவாசிக்கிற காற்றுக்குத்தான் போகிறது. இது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

விளக்கெண்ணெயிலிருந்து டூ-டி வரை

என்ன எண்ணெய் ஊற்றுவது என்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. ஆரம்ப காலத்தில் வேகமாக ஓடும் எஞ்சின்களுக்கு நம்ம ஆமணக்கு எண்ணெய்தான் ராஜா. சூட்டில் எளிதில் நீர்த்துப்போகாது, உலோகத்தை விட்டுப் பிரியாது. பிரிட்டனின் வேக்ஃபீல்டு கம்பெனி 1909-ல் தன் எண்ணெய்க்குக் காஸ்ட்ரால் என்று பெயர் வைத்ததே அதில் ஆமணக்கு எண்ணெய் சேர்ந்திருந்ததால்தான். ஆங்கிலத்தில் ஆமணக்கு எண்ணெய் 'காஸ்டர் ஆயில்' இல்லையா, அதிலிருந்து வந்தது. முதல் உலகப் போர் விமானங்களின் சுழல் எஞ்சின்களும் விளக்கெண்ணெயைக் குடித்து விமானி முகத்திலேயே துப்பின. அந்த விமானிகளுக்கு வயிறு படாதபாடு பட்டது என்று சொல்வார்கள். சின்ன வயசில் பாட்டி கையால் விளக்கெண்ணெய் குடித்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை!

ஆனால் ஆமணக்கு எண்ணெய் பெட்ரோலோடு சுலபமாகக் கலக்காது, பிசினாகப் படியும். அதனால் அன்றாட வண்டிகளுக்குப் பூமியிலிருந்து எடுக்கும் மினரல் ஆயில் வந்தது. அதைத் தாராளமாக ஊற்ற வேண்டியிருந்தது. 1950-களின் வெஸ்பாக்களுக்கு நூற்றுக்கு ஐந்து, ஆறு பங்கு எண்ணெய். எஞ்சின் அமைப்பும் எண்ணெயும் மேம்பட்டபின், 1960-களில் அது இரண்டு பங்காகக் குறைந்தது. அதாவது லிட்டருக்கு 50, 60 மில்லியிலிருந்து 20 மில்லிக்கு.

இங்கேதான் சிக்கல் ஆரம்பம் என்று நினைக்கிறேன். எஞ்சின் மாறியது, எண்ணெய் மாறியது, ஆனால் கை மாறவில்லை. இந்தியாவில் 1948-லிருந்து வெஸ்பாவை இறக்குமதி செய்து விற்ற பஜாஜ், பிறகு உரிமம் வாங்கி இங்கேயே தயாரித்தது. உரிமம் முடிந்தபின் 1972-ல் ராணா பிரதாப்பின் குதிரை பெயரில் சேத்தக் வந்தது. இன்னொரு பக்கம் லாம்ப்ரெட்டா, ராஜ்தூத், மைசூரில் தயாரான ஜாவா, யெஸ்டி. எல்லாமே டூ ஸ்ட்ரோக். ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு. வண்டி வீட்டுக்கு வர பத்து வருஷம் காத்திருந்த காலம் அது. அப்படிக் கிடைத்த வண்டி நடுரோட்டில் சீஸ் ஆகி நின்றால் என்ன ஆகும்? அந்தப் பயத்தில் மெக்கானிக்குகள் இருப்பதிலேயே பெரிய அளவைச் சொன்னார்கள். நாம் அதற்கு மேல் ஒரு மூடி சேர்த்தோம்.

பம்ப் வைத்து, எஞ்சின் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவே எண்ணெய் கொடுக்கிற முறை 1964-லேயே ஜப்பானில் யமஹா வண்டியில் வந்துவிட்டது. ஆட்டோலூப் என்று பெயர். நம் சாலைகளில் அது பரவலானது 1980-களின் நடுவில், கைனடிக் ஹோண்டாவும் ஆர்.எக்ஸ். 100-ம் வந்த பிறகுதான். சேத்தக்குக்கும் ஆட்டோவுக்கும் கடைசிவரை பெரும்பாலும் கைதான் பம்ப்.

கூட ஊற்றினால் என்ன ஆகும்?

1996-ல் என் சேத்தக் மேடு ஏறத் திணறியது. முனிர்க்காவில் ஒரு சர்தார்ஜி மெக்கானிக். சைலன்சரைக் கழற்றி உள்ளே பார்க்கச் சொன்னார். புகை போகிற வழி பென்சில் கனத்துக்குச் சுருங்கி, மீதியெல்லாம் கரி. காஸ்டிக் சோடா கரைசலில் ஊறவைத்து, நெருப்பில் காட்டி, தட்டித் தட்டி எடுத்தார். பிளக்கிலும் பிஸ்டன் தலையிலும் அதே கரி. "எவ்வளவு எண்ணெய் ஊற்றுகிறாய்?" என்று கேட்டார். பெருமையாகச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார்.

அன்று அவர் சொன்னதையும் பிறகு நான் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். கூடுதல் எண்ணெய் எரியாது. கரியாகி பிளக்கை அடைக்கும், எக்ஸாஸ்ட் வழியை அடைக்கும், பிஸ்டன் வளையங்களை ஒட்டவைக்கும். இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. கார்புரேட்டர் ஜெட்டின் துளை மாறாதது. அது வழியாகப் போகிற கலவையில் எண்ணெய் கூடினால் பெட்ரோல் குறையும். கலவையும் கெட்டிப்படும். காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போகாமல் எஞ்சின் இன்னும் சூடாகும். எஞ்சின் சீஸ் ஆகக் கூடாது என்று பயந்து ஊற்றிய எண்ணெயே அதைச் சூட்டை நோக்கித் தள்ளும்!

எண்ணெயின் ரகமும் முக்கியம். காருக்கான எஞ்சின் ஆயிலில் கால்சியம், துத்தநாகம் போன்ற உலோகச் சேர்மானங்கள் உண்டு. காரில் அவை எரியப்போவதில்லை, நன்மைதான். டூ ஸ்ட்ரோக்கில் எரிந்து சாம்பலாகி பிளக் முனையில் உட்காரும். புகைக்கும் காரணம் இருக்கிறது. பழைய எண்ணெய்களில் கனமான மினரல் ஆயில் சேர்ப்பார்கள். அது எரியாமல் ஆவியாகி, வெளிக்காற்றில் குளிர்ந்து, நுண்ணிய துளிகளாக நிற்கும். நாம் பார்க்கிற நீலப் புகை அந்தத் துளிகள்தான். அதற்குப் பதிலாகப் பாலிபியூட்டீன் என்ற செயற்கைப் பொருளைச் சேர்த்தால், சூட்டில் அது சிறு மூலக்கூறுகளாகப் பிரிந்து தடயமில்லாமல் போய்விடும். குறைபுகை எண்ணெயின் ரகசியம் பெரும்பாலும் இவ்வளவுதான். ஜப்பான்காரர்கள் 1990-களில் இதற்கு ஜாசோ என்ற தர வரிசையே ஏற்படுத்தினார்கள். அதில் எஃப்.சி. என்றால் குறைந்த புகை.

ஆட்டோக்கார அண்ணன் கணக்கு

எங்களைக் கோயிலுக்கு, ஸ்டேஷனுக்கு அழைத்துப் போக ஓர் ஆட்டோக்கார அண்ணன் இருந்தார். விழுப்புரம் பக்கம். திரிலோக்புரியில் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை மலை மந்திருக்கு அவர் வண்டியில்தான் போவோம். கரி தட்டி வந்த ஞானத்தில் ஒருநாள் அவரிடம் உபதேசம் செய்தேன். ஐந்து லிட்டருக்கு 100 மில்லி போதும் அண்ணே, நீங்க முந்நூறு ஊத்துறீங்களே என்றேன்.

அவர் சொன்ன பதிலை இன்னும் மறக்கவில்லை. "தம்பி, வண்டி என்னுதில்ல. சேட்டுது. எஞ்சின் நின்னுச்சுன்னா ரிப்பேர் காசு என் தலையில. அன்னிக்கு வாடகையும் நான்தான் கட்டணும். பிளக் அடைச்சா அஞ்சு நிமிஷத்துல எமரி பேப்பர்ல தேச்சுடுவேன். எஞ்சின் சீஸ் ஆனா ஒரு மாசச் சாப்பாடு போச்சு. நீங்க சொல்லுங்க, எதை நான் நம்புறது?"

எண்ணெயும் அவர் சீல் வைத்த பாக்கெட்டில் வாங்கவில்லை. டிரம்மிலிருந்து அளந்து விற்கிற லூஸ் ஆயில். அது டூ-டி ஆயில்தானா, ஏதோ ஒரு மினரல் ஆயிலா, யாரோ கழற்றி விட்ட பழைய எண்ணெயை வடிகட்டியதா, யாருக்குத் தெரியும்? விலை குறைவு. குறைவான விலையில் மூன்று மடங்கு ஊற்றினால் பாதுகாப்பு என்பது அவர் கணக்கு. அவர் மட்டும் இல்லை. உலக வங்கி 2000-ல் தெற்காசிய டூ ஸ்ட்ரோக் வண்டிகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையிலும் இதே கதைதான்: ஓட்டுநர்கள் டூ-டி ஆயிலுக்குப் பதில் சாதா மினரல் ஆயில் வாங்குகிறார்கள், கூட ஊற்றினால் எஞ்சினுக்குக் காப்பு என்று நம்பி அளவுக்கு மேல் ஊற்றுகிறார்கள். டாக்காவானாலும் தில்லியானாலும் பயம் ஒன்றுதான்.

அப்போது தில்லியில் பதிவான வண்டிகளில் மூன்றில் இரண்டு பங்கு இருசக்கர வாகனங்கள், அவற்றில் பெரும்பாலானவை டூ ஸ்ட்ரோக். ஆட்டோக்கள் தனி. டூ ஸ்ட்ரோக்கில் உள்ளே வருகிற புதுக் கலவையிலும் ஒரு பகுதி எரியாமலே வெளியே நழுவிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிசம்பர் மாலையில் ஆசிரம சவுக் சிக்னலில் நின்றால், பனிமூட்டமும் நீலப் புகையும் சேர்ந்து முன்னால் நிற்கிற பஸ் நம்பர் தெரியாது. என் மகள் 1996-ல் பிறந்தாள். இரண்டு வயதில் சேத்தக்கின் முன்னால், ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவள் முகம் இருக்கிற உயரத்தில்தான் முன்னால் நிற்கும் ஆட்டோவின் புகை வந்து சேரும். அந்தக் குளிர்காலத்தில் அவளுக்கு வீசிங் வந்தது. நெபுலைசர் வாங்கினோம். என் ஸ்கூட்டர் புகைதான் காரணம் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, அப்படிச் சொல்லவும் முடியாது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு அந்த மெஷின் சத்தத்தில் உட்கார்ந்திருக்கும்போது, வண்டி பக்கப் பெட்டியில் இருக்கும் எண்ணெய் பாட்டில் நினைவுக்கு வந்தது உண்மை.

கோர்ட் உத்தரவும் கையைத் தடுத்ததும்

எம்.சி. மேத்தா 1985-ல் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. 1998 ஜனவரியில் பூரே லால் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அந்தக் குழுவின் பரிந்துரைகளை ஏற்று 1998 ஜூலை 28 அன்று நீதிமன்றம் உத்தரவிட்டது. பஸ்களை சி.என்.ஜி.க்கு மாற்றச் சொன்ன உத்தரவு என்றுதான் அதைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே உத்தரவில் அதிகம் பேசப்படாத இரண்டு வரிகள் உண்டு. 1998 டிசம்பர் 31-க்குள் தில்லி பங்குகளிலும் மெக்கானிக் கடைகளிலும் லூஸ் டூ-டி ஆயில் விற்கத் தடை. அதே தேதிக்குள் டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு எல்லாப் பங்குகளிலும் சரியான அளவில் முன்கூட்டியே எண்ணெய் கலந்த பெட்ரோல் மட்டுமே தர வேண்டும். 1999 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்கக் குறைபுகை டூ-டி ஆயில்தான் என்ற விதியும் வந்தது.

மற்ற நடவடிக்கைகளுக்குப் புது பஸ், புது குழாய், புது எஞ்சின் என்று கோடிக்கணக்கில் செலவு. இதற்கு அவ்வளவு இல்லை. பழைய எஞ்சின் அப்படியே இருக்கும், பழைய ஓட்டுநர் அப்படியே இருப்பார். எண்ணெய் ஊற்றுகிற கையை மட்டும் விலக்கிவிடுவது. அறிவுரை சொல்லிச் சாதிக்க முடியாததை ஒரு கலவை இயந்திரம் சாதித்தது.

அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். என் வண்டி, என் எண்ணெய், இவர்கள் யார்? முதல் மாதம் பயந்துகொண்டே ஓட்டினேன். அப்பாவிடம் எஸ்.டி.டி.யில் சொன்னபோது, "பாட்டில்ல தனியா வாங்கி வச்சுக்கோடா" என்று ஆலோசனை தந்தார். வாங்கவில்லை. எஞ்சின் சீஸ் ஆகவில்லை. கரி தட்டக் கொடுக்கிற வேலை வெகுவாகக் குறைந்தது. ஆட்டோ அண்ணனும் இரண்டு மாதம் புலம்பிவிட்டு, "பிளக்கு தேய்க்கிற வேலை மிச்சம் தம்பி" என்றார்.

ஆனால் அவர் கதை அங்கே முடியவில்லை. அதே உத்தரவில், 1990-க்கு முந்தைய ஆட்டோக்களை 2000 மார்ச் 31-க்குள் மாற்ற வேண்டும் என்றும் இருந்தது. சேட்டின் வண்டி பழசு. ஆட்டோக்களின் எண்ணிக்கையை உயர்த்தக் கூடாது என்று 1997 டிசம்பரிலேயே நீதிமன்றம் வரம்பு போட்டிருந்ததால், பர்மிட்டுக்கு வெளியே பெரிய விலை. சில மாதங்கள் அண்ணனுக்கு வண்டியே இல்லை. பிறகு வாடகை சி.என்.ஜி. வண்டி கிடைத்தது. 2001-ல் கேஸ் நிரப்ப ராத்திரி முழுக்க வரிசையில் நின்றார். என் மகள் சுவாசித்த காற்று கொஞ்சம் நல்லதானதற்கு விலை கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். அவரிடம் யாரும் நன்றி சொல்லவில்லை. சில வருஷம் கழித்து ஊருக்கே போய்விட்டார், தொடர்பு விட்டுப்போனது.

பனியிலும் அதே புகை

குல்மார்க்கிலிருந்து திரும்பியபின் ஸ்னோமொபைல் கதையையும் தேடிப் படித்தேன். கனடாவின் கியூபெக்கில், வால்கூர் என்ற சிற்றூர்க்காரர் ஜோசஃப் அர்மான் பொம்பார்டியே 1959-ல் ஸ்கி-டூ வண்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அங்கேயும் பிறகு டூ ஸ்ட்ரோக்தான் பரவலானது. பனியில் ஓட எடை குறைவாக இருக்க வேண்டுமே! முதலில் எண்ணெயைப் பெட்ரோலோடு கலந்து ஊற்றினார்கள், பிறகு தனி டப்பாவும் பம்பும் வந்தன. குளிரில் எண்ணெய் ஓடவேண்டும் என்பதால் அமெரிக்க எஸ்.ஏ.இ. அமைப்பு டூ-டி ஆயிலை நான்கு வகையாகப் பிரித்திருக்கிறது. முதல் வகை 0 டிகிரிக்கு, நான்காவது மைனஸ் 40 டிகிரிக்கு. குல்மார்க் ஓட்டுநர் தயிர் உவமை சொன்னது இதைத்தான்.

எனக்கு வியப்பு தந்தது வேறொன்று. தில்லியில் நாம் புகையோடு மல்லுக்கட்டிய அதே வருஷங்களில் அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பூங்காவிலும் அதே சண்டை. மனித வாசமே குறைந்த பனிக்காடு. ஆனால் வாரக் கடைசியில் நுழைவாயிலில் வரிசை கட்டும் ஸ்னோமொபைல்களின் நீலப் புகையால், அங்கே சீட்டுக் கொடுக்கிற ஊழியர்களுக்குச் சுவாச முகமூடி கொடுக்க வேண்டியிருந்தது. 2000-ல் தடை விதிக்க முடிவெடுத்தார்கள். வழக்கு, எதிர்வழக்கு என்று இழுத்து, கடைசியில் புகை குறைந்த வண்டிகள் மட்டும், அதாவது பெரும்பாலும் ஃபோர் ஸ்ட்ரோக் மட்டும் என்று முடிந்தது. ஆசிரம சவுக்குக்கும் எல்லோஸ்டோன் வாசலுக்கும் ஒரே வியாதி!

அப்பாவும் புதுச் சேத்தக்கும்

தில்லிக் காற்று இன்று சுத்தமாகிவிட்டது என்று சொன்னால் இங்கே இருக்கிற நீங்களே அடிக்க வருவீர்கள். ஒவ்வொரு நவம்பரும் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறது. காரணங்கள் வேறு வேறாகப் பெருகிவிட்டன. ஆனால் அந்த நீலப் புகை போய்விட்டது. 2000-ல் வந்த கடுமையான மாசு விதிகளுக்குப் பின் டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டர்கள் படிப்படியாக மறைந்தன. 2009-ல் பஜாஜ் ஸ்கூட்டர் தயாரிப்பையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. அப்பாவின் வண்டி வம்சத்தில் 2015-ல் ஃபோர் ஸ்ட்ரோக் எக்ஸ்.எல். 100 வந்தது. 2020 ஜனவரியில் சேத்தக் என்ற பெயரே பேட்டரி வண்டியாகத் திரும்பி வந்தது.

அப்பா போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. கடைசியாக ஊரில் பார்த்தபோது இந்தக் கரி, ஜெட், கலவை எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "சரிடா, ஆனா என் வண்டி ஒருநாளும் நின்னதில்லையே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் வண்டி நின்றதில்லை என்பது உண்மை. அந்த ஒரு மூடி போன இடம் நம் கணக்கில் வராத இடம் என்பதும் உண்மை. பயத்தில் ஊற்றுகிற எண்ணெய்க்குச் செலவு எப்போதும் வேறு யாருடைய நெஞ்சிலோதான் எழுதப்படுகிறது.

கொசுறு: இன்னும் ஆசையாக ஆர்.எக்ஸ். 100-ஓ, பழைய சேத்தக்கோ, யெஸ்டியோ வைத்திருக்கும் நண்பர்களுக்கு. வண்டிப் புத்தகத்தில் உள்ள அளவை மட்டும் ஊற்றுங்கள். டப்பாவில் ஜாசோ எஃப்.சி. அல்லது எஃப்.டி. என்று இருக்கிறதா பாருங்கள். படகு எஞ்சினுக்கான டி.சி.-டபிள்யூ3 ரகம் தண்ணீரில் குளிரும் எஞ்சினுக்கானது; காற்றில் குளிரும் நம் வண்டிக்கு அது வேண்டாம். கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் வைக்காதீர்கள். ஊற்றியபின் வண்டியை ஆட்டுங்கள், அதில் தப்பே இல்லை. மூடியை மட்டும் ஒரு தடவையோடு மூடிவிடுங்கள்.

உங்கள் வீட்டில் எந்த வண்டி, யார் கை, எத்தனை மூடி என்று பின்னூட்டத்தில் சொல்லுங்களேன்.